பிணைக் கையெழுத்தும் இபிஎஃப் பணமும்: இரண்டு ஞானங்கள் பிரியும் இடம்

பிரசங்கத்தில் ‘உலக ஞானம்’ என்று வந்தாலே அது வேறு யாரையோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு உலக ஞானம். அதே பிரிக்ஃபீல்ட்ஸில் நாலு தெரு தள்ளி ஆராதனையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தேவ ஞானம். இப்படி ஒரு நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் யாக்கோபு தன் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது விசுவாசிகளைப் பார்த்துத்தான். அவர்களுக்குள் இருந்த ‘கசப்பான வைராக்கியத்தையும் விரோதத்தையும்’ சுட்டிக்காட்டி, இந்த ஞானம் ‘லௌகிக சம்பந்தமானது’ என்கிறார். வசனம் தெரிந்தவர்களிடமே அது இருந்திருக்கிறது.

கணக்குப் பார்ப்பது உலக ஞானம், ஜெபித்துவிட்டு இறங்கிவிடுவது தேவ ஞானம் என்று பிரித்துப் பேசுவதும் உண்டு. இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டவர் இயேசு (லூக்கா 14). கணக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. என் முடிவால் வரும் நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறேன் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன என்று நினைக்கிறேன்.

முதலில், இரண்டும் ஒத்துப்போகிற ஒரு விஷயம். சபையில் உள்ள ஒரு தம்பி கார் வாங்க நினைக்கிறார். சம்பளம் போதாது என்று, பிணை நிற்க ஒரு கேரண்டரைப் பேங்க் கேட்கிறது. ஆராதனை முடிந்து எல்லாரும் பசியாறும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அண்ணே, ஒரே ஒரு சைன்தான். மாசாமாசம் நான் ஒழுங்கா கட்டிடுவேன்” என்கிறார். உலகம் தெரிந்த மைத்துனரைக் கேட்டால், “போட்டுடாதீங்க மச்சான்” என்பார். நீதிமொழிகள் 6-ஐத் திறந்தால் அதுவும் அதைத்தான் சொல்கிறது. தெரியாமல் பிணைப்பட்டுவிட்டால்கூட, கண்ணுக்கு நித்திரை வரவிடாமல் போய் உன்னைத் தப்புவித்துக்கொள் என்கிறது. மலேசியாவில் 2017-ல் திவால் சட்டத்தைத் திருத்தினார்கள். சொந்த லாபம் கருதாமல் படிப்புக்கோ குடியிருக்கும் வீட்டுக்கோ சொந்தக் காருக்கோ பிணை நின்றவரை இப்போது திவாலாக்க முடியாது. நல்ல காரியம். ஆனால் கடன் அதோடு போய்விடாது. பேங்க் வழக்குப் போட்டுப் பணத்தைக் கேட்கலாம்.

ஆகவே “முடியாது தம்பி” என்று சொல்வதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். உலக ஞானம் அதோடு எழுந்துவிடும். அடுத்த ஞாயிறு அந்தத் தம்பி வருவதைக் கண்டால் வேறு வாசல் வழியாக வெளியே போகும். தேவ ஞானம் அவரோடு உட்காரும். சம்பளச் சீட்டை வாங்கிப் பார்க்கும். ஒன்பது வருஷத் தவணையில் புது மைவி தேவையா, வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் போதாதா என்று அண்ணன் மாதிரி கேட்கும். கையில் ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் முன்பணத்துக்கு வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப எதிர்பார்க்காது. லூக்கா 6 கேட்பது அதைத்தானே. எதை இழக்க என்னால் முடியுமோ அதைக் கொடுக்கிறேன். என் மனைவி பிள்ளைகளின் பாதுகாப்பை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

இன்னொரு வகை நம்மிடம் நிறைய உண்டு. பார்க்கத் தேவ ஞானம் மாதிரியே இருக்கும். வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு சகோதரர் ஒரு ஸ்கிம்மைப் பற்றிப் பேச்செடுக்கிறார். மாதம் பத்து விழுக்காடு லாபம். “ஜெபிச்சுட்டுத்தான் சொல்றேன் பிரதர்” என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை.

யோசுவா 9-ஐ இங்கே படிக்க வேண்டும். கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தோடும் கிழிந்த திராட்சரசத் துருத்திகளோடும் வந்து, வெகுதூரத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்த்தார்கள், நம்பினார்கள், உடன்படிக்கை செய்தார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை என்று வேதம் குறை சொல்கிறது. அவர்கள் ஆராயத்தான் செய்தார்கள்; ஆனால் வந்தவன் காட்டியதை மட்டும் ஆராய்ந்தார்கள். நாம் அதையும் செய்வதில்லை. அங்கீகாரம் இல்லாத நிறுவனங்களின் எச்சரிக்கைப் பட்டியலைப் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் பங்கு ஆணையமும் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. கைப்பேசியில் ஐந்து நிமிட வேலை. அதைப் பார்த்தால் விசுவாசம் குறைந்துபோகும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. பலர் மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் கூட்டுப் பிடிப்பதும் அப்படித்தான். தோட்டத்துக் காலத்திலிருந்து வந்த பழக்கம், நம்பிக்கையில் நடக்கிறது என்கிறோம். 1971-லேயே சட்டம் போட்டு அதைத் தடை செய்திருக்கிறார்கள். கூட்டு உடைந்தால் நஷ்டம் யாருக்கு? முதலில் எடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளையின் காலேஜ் பணத்துக்காகக் கடைசிவரை காத்திருந்த துப்புரவு வேலை அக்காவுக்குத்தான் எல்லாம் போகும்.

உடல்நலத்திலும் இதுவே. இந்த நாட்டில் சர்க்கரை நோய் இந்தியர்களிடம்தான் அதிகம். அப்படியிருக்க, ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அப்புறமும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின் மேல் வைக்கச் செய்தார் (2 இராஜாக்கள் 20). இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

சரி, இரண்டு ஞானங்களும் உண்மையாகவே மோதிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா லாரி ஓட்டினார். வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில் இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதியின் பாரத்தில் வாரிசாக மூத்த மகன் பெயரை மட்டும் எழுதினார். மற்ற பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாரத்தை யாரும் தொடவில்லை. அப்பா இறந்தபோது கணக்கில் 90,000 வெள்ளி. முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: பெயர் யாருக்கோ பணம் அவருக்கு. வாரிசு நியமனமும் உயிலும் இல்லாதிருந்தால், அப்பாவின் பெற்றோரும் உயிரோடு இல்லாத நிலையில், 1958 பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கும் மீதி பிள்ளைகளுக்கும் போயிருக்கும். இருந்ததால் முழுவதும் மூத்தவருக்கு. அம்மா இருப்பதோ செலாயாங் ஃபிளாட்டில் கடைசி மகளோடு. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காக முழு நேர வேலையை விட்டவள் அவள்.

உலக ஞானம் இங்கே பொய் சொல்லவில்லை, திருடவில்லை. “சட்டப்படி எனக்கு வந்தது. அப்பா மாத்த நினைச்சிருந்தா மாத்தியிருப்பார்” என்கிறது. ஒரு வார்த்தையில் தவறு காண முடியாது. அதனால்தான் இது ஆபத்தானது. பரத்திலிருந்து வருகிற ஞானத்துக்கு யாக்கோபு சொல்லும் குணங்களை இதன் பக்கத்தில் வையுங்கள்: சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம், நற்கனிகள், பட்சபாதமில்லாமை, மாயமில்லாமை. தங்கை போன் செய்து, “அண்ணா, அம்மாவோட செலவுக்காவது” என்று தொடங்கும்போதே வக்கீல் பெயரை எடுத்தால் இணக்கம் எங்கே? ஞாயிறு சாட்சி நேரத்தில், கர்த்தர் இந்த வருஷம் என்னை ஆசீர்வதித்தார் என்று நின்று சொன்னால் மாயமின்மை எங்கே?

ஆதியாகமம் 26-ல் ஈசாக்கு கேராரின் பள்ளத்தாக்கில் கிணறு தோண்டுகிறார். தண்ணீர் எங்களுடையது என்று அவ்வூர் மேய்ப்பர்கள் வாக்குவாதம் செய்கிறார்கள். ஈசாக்கு அதற்கு ஏசேக்கு என்று பேரிட்டு, வேறொன்றைத் தோண்டுகிறார். அதற்கும் சண்டை. மூன்றாவதாகத் தோண்டிய ரெகொபோத்துக்குத்தான் யாரும் வரவில்லை. இதைப் பலவீனமான மனிதனின் கதையாகப் படித்தால் ஒரு முக்கியமான வரியைத் தவறவிடுவோம். கொஞ்சம் முன்னால்தான் அபிமெலேக்கு ராஜா, நீ எங்களைவிட மிகவும் பலத்தவனாகிவிட்டாய் என்று சொல்லி அவரைப் போகச் சொல்கிறான். ஈசாக்கு சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருக்கலாம். பலம் இருந்தும் விட்டார். பிறகு அதே அபிமெலேக்கு தானாகவே தேடிவந்து உடன்படிக்கை கேட்டான்.

விட்டுக்கொடுக்க வேண்டியது பலமுள்ளவர் என்பதை நம் சபைகளில் தலைகீழாக்கிவிடுகிறோம். என்னை மிகவும் வேதனைப்படுத்துவது இதுதான். 90,000 வெள்ளி வைத்திருக்கும் அண்ணனிடம் யாரும் பேசுவதில்லை. அவர் சபைக் கமிட்டியில் இருப்பார். தங்கையைத்தான் கூப்பிட்டு, “விட்டுடும்மா, கர்த்தர் பார்த்துக்குவார். சகோதரனோடு வழக்காடலாமா?” என்கிறோம். 1 கொரிந்தியர் 6-ஐயும் எடுத்துக் காட்டுகிறோம். ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை என்று பவுல் கேட்பது உண்மை. ஆனால் அடுத்த வசனத்திலேயே, நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்கள் என்று மறுபக்கத்தைப் பார்த்துக் கடிந்துகொள்கிறார். அந்த வசனத்தை அண்ணனிடம் யார் வாசித்துக் காட்டுவது? அதே அதிகாரத்தில், சகோதரருடைய வழக்கைத் தீர்க்க உங்களில் ஒரு விவேகியாவது இல்லையா என்றும் கேட்கிறார். அந்த விவேகியாக இருக்கத்தான் மூப்பர்கள் இருக்கிறார்கள். வசதியானவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒதுங்குவதை நிதானம் என்று சொல்லிக்கொள்ளலாம். யாக்கோபின் பட்டியலில் அது பட்சபாதம்.

அடிவாங்கும் மனைவியிடம் பொறுமையைப் போதிப்பதும் இதே கோளாறுதான். அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. 1994-ல் நிறைவேற்றிய குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணை அவளுக்குச் சொல்லி, போலீஸ் நிலையத்துக்குக் கூடப் போகிறவர் இரக்கத்தால் நிறைந்த ஞானத்தோடு நடக்கிறார்.

அப்படியானால் ஜெபத்துக்கு இதில் என்ன வேலை? ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று யாக்கோபு முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். என் அனுபவத்தில் அந்த ஜெபத்துக்குப் பதிலாக வந்தவை பெரும்பாலும் தகவல்கள் இல்லை. சட்டம், வட்டி, தவணை எல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். நான் கணக்கில் சேர்க்காமல் விட்ட ஒரு ஆள்தான் ஜெபத்தில் கண்முன் வந்து நிற்பார். அவருக்கு எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்யாமல் அதற்கு மேல் ஜெபிக்க வாய் வராது.

மூத்த மகனுக்குப் பெரிய தியாகம்கூடத் தேவையில்லை. அம்மாவின் பங்கை அம்மாவின் கணக்கில் போடலாம், தங்கை விட்ட வேலைக்கு ஒரு தொகை ஒதுக்கலாம், மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். வாய்ப்பேச்சாக விடாமல் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. அப்பா உயிரோடு இருக்கும் வீடுகளில் இதைவிடச் சுலபம்: ஒரு வேலை நாளில் அவரை இபிஎஃப் கிளைக்கு அழைத்துப்போய், வாரிசுப் பாரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அம்மாவின் பெயரையும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். இப்போது உங்கள் பெயர் மட்டும் இருந்தால், அழைத்துப்போக வேண்டியவர் நீங்கள்தான்.