ஸ்ட்ரோலா, லத்தீஃபியா?

இருவரும் ஃபார்முலா 1 கார் பந்தயத்துக்கு வந்த கனடாக்காரர்கள், இருவருமே பெரும் தொழிலதிபர்களின் மகன்கள். லான்ஸ் ஸ்ட்ரோலின் அப்பா லாரன்ஸ், ஃபேஷன் தொழிலில் சம்பாதித்தவர். நிக்கோலஸ் லத்தீஃபியின் அப்பா மைக்கேல், சோஃபினா ஃபுட்ஸ் என்ற உணவு நிறுவனத்தின் உரிமையாளர். இருவரும் வில்லியம்ஸ் அணி வழியாகத்தான் ஃபார்முலா 1-க்குள் வந்தார்கள்.

ஸ்ட்ரோல் 2017-இல் 18 வயதில் வந்தார். அதே ஆண்டு அஜர்பைஜானின் பாகு பந்தயத்தில் மூன்றாம் இடம். 2018-இல் அப்பா தலைமையிலான குழு ஃபோர்ஸ் இந்தியாவை வாங்க, அடுத்த ஆண்டு மகன் அங்கே போனார். அந்த அணிதான் இன்றைய ஆஸ்டன் மார்ட்டின். "அப்பா வாங்கிக் கொடுத்த சீட்" என்பது பொய்யில்லை. ஆனால் 2020 துருக்கியில், மழையில் வழுக்கிய தடத்தில், அவர் எடுத்த போல் பொசிஷனை, அதாவது தகுதிச் சுற்றில் வென்று முதலாவதாக நின்று தொடங்கும் இடத்தை, எந்தப் பணமும் வாங்கித் தராது. 2023-இல் சைக்கிள் விபத்தில் மணிக்கட்டுகள் முறிந்தும், சுமார் இரண்டு வாரங்களிலேயே பஹ்ரைனில் ஓட்டி ஆறாவதாக வந்தார்.

லத்தீஃபி கார்ட் என்ற சிறிய பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கியதே 13 வயதில். இந்த விளையாட்டில் அது ரொம்பத் தாமதம். 2019-இல், ஃபார்முலா 1-க்கு அடுத்த நிலையான ஃபார்முலா 2-இல் இரண்டாம் இடம் பிடித்தார். அப்புறம் ஃபார்முலா 1-இல் மூன்று சீசன், 61 பந்தயம், 9 புள்ளி. 2021 அபுதாபியில் அவர் மோதியதால் எல்லாக் கார்களையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்து, அந்த ஆண்டின் சாம்பியன் பட்டமே திசைமாற, அவருக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. அது பெரிய அநியாயம். 2023-இல் லண்டனில் எம்பிஏ படிக்கப் போனார்.

வேகத்தில் ஸ்ட்ரோல்தான் மேல். ஆனாலும் என் மரியாதை லத்தீஃபிக்கே கொஞ்சம் கூடுதல்.