தொழிலாளர் வழக்கில் யார் ஆஜராவது: சங்க நிர்வாகியா, வழக்கறிஞரா?

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையிலோ வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் முதலில் வக்கீலைத் தேடி ஓடுவார். ஆனால் தகராறைப் பேசித் தீர்க்க முயலும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்பு இரு தரப்பிலும் வழக்கறிஞர் ஆஜராக முடியாது. சங்க நிர்வாகி ஆஜராகலாம். எந்தச் சங்கத்திலும் சேராதவருக்கு, அதே தொழிலைச் சார்ந்த சங்க நிர்வாகியோ அத்தொழிலில் உள்ள இன்னொரு தொழிலாளியோ எழுத்துமூல அதிகாரம் பெற்று வரலாம்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபிறகுதான் உண்மையான போட்டி. அங்கே வழக்கறிஞர் ஆஜராக எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் சேர்ந்தே வேண்டும். 1947 தொழிற்தகராறு சட்டத்தின் 36(4) பிரிவு சொன்னது இது. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுகள் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. தொழிலாளி தானே ஒரு வக்கீலுக்கு வக்காலத்து போட்டுவிட்டு நிர்வாகத்தின் வக்கீலை ஆட்சேபிப்பது எடுபடாது. எனவே யார் ஆஜராவது என்பதை முதல் வாய்தாவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஆட்சேபனையையும் அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். நாலு வாய்தா பேசாமல் இருந்தால் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நிர்வாகத்தின் வக்கீல் முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாகவும் இருந்தால் ஆட்சேபனை நிற்காது. பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாசலைத் திறந்தே வைத்தது.

ஆவணம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் தேர்வு எளிதாகும். ஆட்குறைப்புப் பாதுகாப்புக்குத் தேவையான, 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்ததை முதலில் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். வெறும் பிரமாண வாக்குமூலம் போதாது. மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), சம்பளப் பதிவேடு எல்லாம் நிர்வாகத்திடம். அவற்றைக் கேட்டு மனு போடும்போது “எல்லா ஆவணங்களும்” என்று எழுதினால் தள்ளுபடிதான். எந்தப் பதிவேடு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யார் பொறுப்பில், எதை நிரூபிக்க என்று நான்கையும் எழுத வேண்டும். கேட் பதிவேடும் ஒப்பந்ததாரரின் ஷிப்ட் பட்டியலும் இருப்பது சங்கக்காரருக்குத்தான் தெரியும். பல வக்கீல்களுக்கு அது தோன்றாது. பதிவேட்டைக் கொண்டுவராவிட்டால் பாதகமான அனுமானம் (அதில் இருப்பது நிர்வாகத்துக்கு எதிரானதே என்று நீதிமன்றம் கருதுவது) கேட்கலாம், ஆனால் அது தானாக விழாது. பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரம், வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தொழிலாளியே எடுத்து முன்கூட்டியே சான்றாவணமாகக் குறியீடு செய்துவிட்டால் அந்த மனு வலுக்கும்.

வாட்ஸ்அப் செய்தி காட்டுவதானால் கதை வேறு. பாரதிய சாட்சிய சட்டம் 63(4)இன்படி மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழில் இரண்டாம் பகுதி நிபுணர் கையொப்பத்துக்கானது. தொழிலாளர் நீதிமன்றம் சாட்சியச் சட்டத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்டதல்ல. ஆனாலும் எதிர்த்தரப்பு இதைக் கட்டாயம் கிளப்பும். இதிலும், வேலைநீக்கத்துக்கு முன் நிர்வாகம் நடத்தும் உள்விசாரணை முறையாக நடந்ததா என்ற குறுக்கு விசாரணையிலும், பிறகு உயர் நீதிமன்ற ரிட் மனுவிலும் வழக்கறிஞர் கைதான் ஓங்கும்.

ஆக, சமரசத்துக்கும் ஆவண மனு தயாரிப்புக்கும் சங்க நிர்வாகி. உள்விசாரணையே சர்ச்சையானால் வழக்கறிஞர். வீடு கடலூரில், ஆலை புதுச்சேரியில் என்றால் சமரச மனு புதுச்சேரி தொழிலாளர் துறையில்தான். பழைய சட்டத்தில் பணிநீக்க வழக்குக்கு 3 ஆண்டு கெடு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்பில் 2 ஆண்டுதான்.