சுவர் பிளக் அயர்னா, சி-டைப் அயர்னா?

எலக்ட்ரானிக்ஸ் பாகங்களைப் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்னைப் பற்றிய பேச்சு இது. என் மேசையில் தினமும் கைக்கு வருவது யுஎஸ்பி சி-டைப்பில் ஓடும் பைன்சில் என்ற அயர்ன். பழைய 25 வாட் சுவர் அயர்னும் இருக்கிறது, தூக்கிப் போடவில்லை. டி12 ஸ்டேஷன், அதாவது தனி சப்ளை பெட்டியோடு பெஞ்சில் நிற்கும் அயர்ன், நண்பரின் சர்வீஸ் கடையில் இருக்கிறது. போகும்போதெல்லாம் அதில் ஏதாவது பற்றவைத்துப் பார்ப்பேன். மூன்றையும் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம், என் ஓட்டு சி-டைப்புக்குத்தான்.

25 வாட் அயர்னைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஐடிஐ மாணவர் முதல் டிவி மெக்கானிக் வரை எல்லோரும் முதலில் தொட்டது அதைத்தான். சோல்ட்ரான் மாதிரி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிட் என்ற முனையைத் தனியாக, சூடேற்றும் எலிமென்டைத் தனியாக மாற்றலாம். சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதே இல்லை, ஊரில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையே போதும். குறை என்னவென்றால், செருகிய பிறகு ஈயம் (சோல்டர்) உருகும் வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்புறம், எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போதும் சூடு ஏறிக்கொண்டே போகும். பிட் கறுத்து, ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும்.

டி12 வேறு ரகம். ஜப்பானின் ஹக்கோ கம்பெனி கொண்டுவந்த பிட் வடிவம் அது, இன்று சந்தையில் நகல்கள் நிறைய. 24 வோல்ட் சப்ளை, 70 வாட் பக்கம் சூடு, கத்தி மாதிரி, உளி மாதிரி, ஊசி மாதிரி என்று பிட்டுகள் ஏராளம். நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து போர்டு பார்ப்பவருக்கு அதைத்தான் சொல்வேன். வீட்டு மேசையில் நிரந்தரமாக இடம் கேட்கும், அவ்வளவுதான்.

5 வோல்ட்டில் ஓடும் 8 வாட் பென்சில் அயர்ன் ஒன்று ஆன்லைனில் மலிவாக வருகிறதே, அதுவும் யுஎஸ்பிதானே என்பீர்கள். மெல்லிய ஒயர் இரண்டை ஒட்டலாம். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

சி-டைப்பில் என்ன இருக்கிறது? பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். ஹீட்டரும் சூடு பார்க்கும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே இருப்பதால், சரியான சார்ஜர் இருந்தால் பதினைந்து விநாடிக்குள் வேலைக்குத் தயார். ரிமோட்டில் பேட்டரி ஸ்பிரிங் விட்டுவிட்டது, ஹெட்போன் ஒயர் அறுந்துவிட்டது, எல்இடி பல்பு உள்ளே ஒரு ஜாயின்ட் டிரை ஆகிப் பற்று விட்டுவிட்டது. இதெல்லாம் முன்பு 'ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்று டப்பாவில் போய்ச் சேரும். இப்போது அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. பிடிக்கும் இடத்திலிருந்து பிட் முனை வரை தூரமும் குறைவு, பேனா பிடிப்பதுபோலக் கை நடுங்காமல் நிற்கும்.

'சரியான சார்ஜர் இருந்தால்' என்றேன் இல்லையா, விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. இந்த அயர்னை வாங்கி 'சூடே ஏறவில்லை' என்று திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் திட்ட வேண்டியது சார்ஜரை.

கணக்கு எளிது. இந்த வகை பிட்டின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 8 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் வாட் வந்துவிடும். 9 வோல்ட் கொடுத்தால் 10 வாட், 12 கொடுத்தால் 18, 15 கொடுத்தால் 28, 20 கொடுத்தால் 50. வோல்ட் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டினாலே சூடு ஐந்து மடங்கு ஆகிறது. அயர்ன் அதே அயர்ன், பிட் அதே பிட்.

ஒரு பழைய இன்வெர்ட்டர் போர்டின் எர்த் பகுதியில், அகலமான காப்பர் மேல் கெபாசிட்டர் காலைக் கழற்றும்போது இது கண்ணெதிரே தெரிந்தது. 9 வோல்ட் சார்ஜரில் அயர்னின் திரை 320 டிகிரி என்று அழகாகக் காட்டியது. முனையைக் காப்பரில் வைத்ததுமே எண் மளமளவென்று இறங்கியது. ஈயம் பளபளவென்று ஓடாமல் மங்கலாக, மணல்மணலாக நின்றது. 60/40 ஈயம் (60 பங்கு டின், 40 பங்கு லெட்) 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190 பக்கம் முழுதாக உருகும், 320-க்கு அதை உருக்கத் தெரியாதா? தெரியும். ஆனால் காப்பர் சூட்டை இழுக்கும் வேகத்துக்கு 10 வாட் ஈடுகொடுக்காது. அதே இடத்தில் 20 வோல்ட் சார்ஜரை மாற்றிச் செருகினேன். எண் கொஞ்சம் அசைந்தது, திரும்ப ஏறியது, கெபாசிட்டர் கையோடு வந்துவிட்டது.

அதனால் சார்ஜரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். மொபைலோடு வந்த சார்ஜரில் 67 வாட், 80 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும்; அந்த வாட் பெரும்பாலும் அந்தக் கம்பெனி போனும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும். மற்றவற்றுக்கு 5 அல்லது 9 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்வது உண்டு. நமக்கு வேண்டியது பிடி (பவர் டெலிவரி) சார்ஜர், அதிலும் '20 வோல்ட், 3.25 ஆம்பியர்' என்ற வரி. அதுதான் 65 வாட் லேப்டாப் சார்ஜர். 45 வாட்டில் 20 வோல்ட்டுக்கு 2.25 ஆம்பியர்தான் வரும், 8 ஓம் பிட் கேட்பதோ 2.5. கணக்குப் பார்க்கும் அயர்ன் 15 வோல்ட்டுக்கு இறங்கிக்கொள்ளும். பவர் பேங்கிலும் இதே கதைதான்: 22.5 வாட் என்று விற்பவை 12 வோல்ட்டைத் தாண்டுவது அரிது.

கேபிள் இரண்டு பக்கமும் சி-டைப்பாக இருக்க வேண்டும். சிலிக்கோன் கேபிள் என்றால் இன்னும் நல்லது. வளையும், பிட் தவறிப் பட்டாலும் உருகாது. ஆக, வீட்டில் 65 வாட் பிடி சார்ஜர் ஏற்கெனவே இருந்தால் சி-டைப் லாபம். பைன்சில் 26 டாலர் பக்கம், அனுப்பும் செலவும் சுங்கமும் தனி. சார்ஜரையும் புதிதாக வாங்க வேண்டும் என்றால் மொத்தக் கணக்கில் டி12 நகலே மலிவாக வந்துவிடலாம். வாங்கும் முன் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிட் விஷயத்தில் சி-டைப்புக்குப் பாதி நல்லது, பாதி கெட்டது. கையை எடுத்துக் கொஞ்ச நேரம் ஆனால் தானே சூட்டைக் குறைத்துத் தூங்கிவிடும், எடுத்தால் விழித்துக்கொள்ளும். அதனால் பிட் எளிதில் கறுக்காது. ஆனால் தேய்ந்துவிட்டால் ஹீட்டரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், சுவர் அயர்ன் பிட்டின் விலையில் முடியாது. பைன்சிலும், டிஎஸ்101 என்ற இன்னொரு சி-டைப் அயர்னும் பழைய டிஎஸ்100 அயர்னின் பிட்டையே ஏற்கும் என்பதால் தேடினால் கிடைக்கும். டிஎஸ்80பி என்ற சி-டைப் அயர்னுக்கு ஹெட்போன் பின் மாதிரி அடி வைத்த தனி பிட், விற்பவர்கள் குறைவு. நான் அதைத் தவிர்த்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது. முனையில் கொஞ்சம் கசிவு மின்சாரம் நிற்கும், மல்டிமீட்டரை வைத்தால் ஏசி வோல்ட் காட்டும். ரிமோட்டுக்கும் ஹெட்போனுக்கும் அது பொருட்டே இல்லை. மாஸ்ஃபெட் மாதிரி நொய்மையான பாகம் என்றாலோ, போர்டு கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தாலோ நான் 20 வோல்ட் தரும் பவர் பேங்குக்கு மாறிவிடுவேன். மூன்று பின் சுவர் அயர்ன் இங்கே முந்திவிடுகிறது, பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே இருந்தால்.

லெட் கலக்காத சோல்டரில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், எனவே 20 வோல்ட் இன்னும் அவசியம் என்ற அளவில் சொல்ல முடியும். கடையில் எட்டு மணி நேரம் ஓட்டினால் சி-டைப் சாக்கெட் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கும் என் வீட்டு அனுபவம் பதிலாகாது.

25 வாட் அயர்ன் இப்போது பிளாஸ்டிக் உருக்கி ஒட்டவும், கயிறு முனையைக் கருக்கவும் பயன்படுகிறது. அந்த வேலைக்கு நல்ல பிட்டைப் பாழாக்க எனக்கு மனசு வராது.