23,500 ரூபாக்கு ஒரு சூட்டுப் பெட்டி: டிஹைட்ரேட்டர் (பழம் காயவைக்கிற மெஷின்) வாங்கப் போறாக்கள் இத ஒருக்கா வாசிச்சிட்டு வாங்குங்கோ

கோபம் இன்னும் அடங்கேல்ல, எழுத்துப் பிழை இருந்தா மன்னியுங்கோ. நேற்று இரவுதான் அத வித்தவன் என்ட நம்பர பிளொக் பண்ணினவன். என்னெல்லாம் பாத்து வாங்கோணும் எண்டு கீழ விளக்கமா எழுதுறன், முதல்ல நடந்தத கேளுங்கோ.

வீடு திருகோணமலை உவர்மலை. முத்தத்தில நிக்கிற கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை காய்ச்சுக் கொட்டுது, அணிலுக்கும் வவ்வாலுக்கும் போனது போக அயலுக்குக் குடுத்தும் முடியேல்ல. பழத்த அடிச்சு புரூட் லெதர் (காயவைச்ச பழத் தாள்) போட்டா பிள்ளையள் ஸ்கூலுக்குக் கொண்டு போவினம், மிஞ்சினா நாலு பேருக்கு விக்கலாம் எண்டு ஒரு ஆசை. அம்மம்மா பாயில ஊத்திக் காயவைக்கிற பனம்பழப் பினாட்டு மாதிரித்தான், மெஷின் எண்டா தூசி, இலையான் தொல்லை இல்ல. ஆனா நல்ல டிஹைட்ரேட்டர் விலையக் கேட்டா தலை சுத்துது, என்னட்ட இருந்தது சீட்டுக்காசு மட்டும்தான்.

அப்பதான் கிச்சன் சாமான் விக்கிற ஒரு ஒன்லைன் பக்கத்தில 23,500க்கு ஒண்டு கண்டன். அஞ்சு தட்டு, பின்னால ஃபேன், 35இல இருந்து 70 டிகிரி வரை கூட்டிக் குறைக்கலாமாம். நான் சும்மா வாங்கேல்ல, கேள்வி கேட்டனான். 60 டிகிரி பிடிக்குமா தம்பி எண்டு கேக்க உடன வொய்ஸ் அனுப்பினான், "அக்கா, நானும் மூதூர்ப் பெடியன்தான், எங்கட ஊராக்கள நான் ஏமாத்துவனா?" எண்டு. மாம்பழத் தாள் தட்டில இருந்து அப்பிடியே உரிஞ்சு வாற வீடியோ ஒண்டும் வந்தது. அந்த "ஊராக்கள்" எண்ட சொல்லிலதான் நான் விழுந்தனான். சாமான் வந்தாப் பிறகு காசு தரலாமா எண்டதுக்கு, பேங்கில போட்டா டெலிவரி ஃப்ரீ எண்டான். போட்டன். முழுசா 23,500.

எட்டு நாள் கழிச்சு வந்தது நாலு தட்டு. ஃபேன் இல்ல, டிகிரி வைக்கிற திருகி இல்ல, ஒரே ஒரு சுவிச், அடியில ஒரு ஹீட்டர். தட்டெல்லாம் ஓட்டை, கூழ் ஊத்த ஷீட்டும் இல்ல. சரி எண்டு ஒயில் பேப்பர் வெட்டிப் போட்டு, தேசிக்காய் கொஞ்சம் விட்டு அடிச்ச கூழ அரை சென்ரிமீற்றருக்கும் குறைவாத்தான் ஊத்தினன். ஒழுங்கான மெஷினில ஆறு, எட்டு மணித்தியாலத்தில கையில ஒட்டாம வரோணும். இதில 16 மணித்தியாலம், அடித்தட்டு கருகி, மேல்தட்டு இன்னும் கூழ், விடியப் பாத்தா புளிச்ச மணம். கேக் அடிக்கிற சிநேகிதியிட்ட ஓவன் தேர்மோமீற்றர் வாங்கி வச்சன், மேல்தட்டில 42ஐத் தாண்டவே இல்ல. அது காயவைக்கிற சூடில்ல, பழத்தப் பழுதாக்கிற சூடு.

பிறகு தொடங்கினது சாட்டு. முதல் நாள் "நீங்க தண்ணி சேத்திருப்பீங்க அக்கா". அடுத்த நாள் "திருகோணமலைப் பக்கம் வோல்டேஜ் குறைவு", மூதூர்ப் பெடியன் சொல்றார்! பிறகு மெனேஜர் லீவாம். வீடியோவில காட்டினது வேற மெஷின் தானே எண்டு கேட்டன், புளூ டிக் விழுந்தது, பதில் இல்ல. என்ட வீட்டுக்காரர் தன்ட போனில இருந்து எடுக்க ரோங் நம்பராம். 23,500 ரூபா, என்ட ஒரு வருசச் சீட்டு.

விளக்கமா எழுத இப்ப தலை ஓடேல்ல. ஃபேன் இல்லாட்டி வாங்காதேங்கோ. கையில சாமான் வந்து, திறந்து, போட்டுப் பாக்காமக் காசு குடுக்காதேங்கோ. தனியாளின்ட எக்கவுண்டுக்கு போடவே வேண்டாம். பில் கேளுங்கோ, எனக்கு பில்லே இல்ல, நுகர்வோர் அதிகாரசபையின்ட 1977 நம்பருக்கு எடுத்துத்தான் பாக்கப் போறன், பேங்க் சிலிப்பாவது கிடக்கு.

மிச்சக் கூழ தாம்பாளத்தில ஊத்தி, பழைய நுளம்பு வலை போட்டு மொட்டை மாடி வெயிலில வச்சிருக்கன். காகம் ஒண்டு சுத்துது, ஓடுறன்.