கிளவுடுக்கு மாறும் முன் சாவி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கேஜிங் கம்பெனியில் ஐடி வேலையை நான் பார்க்கிறேன். 118 கம்ப்யூட்டர்கள், விற்பனை ஆட்களிடம் 46 ஆண்ட்ராய்டு போன்கள், தரக் கட்டுப்பாட்டில் 14 ஐபேட்கள். இவற்றை நிர்வகிக்கும் வேலையைச் சொந்த சர்வரிலிருந்து கிளவுடுக்கு மாற்றித் தருகிறேன் என்று வந்த ஒரு நிறுவனத்திடம் நாங்கள் எப்படி மாட்டினோம் என்று எழுதுகிறேன். சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி, கடலூர் சிப்காட் பக்கமெல்லாம் இப்போது பலர் இதே வேலையைத் தொடங்குகிறார்கள். கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

மாற வேண்டிய காரணம் நியாயமானதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் சர்வர் அறை தரைத்தளத்தில் இருந்தது. காலையில் கதவைத் திறந்தபோது முழங்கால் அளவு தண்ணீர். சர்வர் மேல் தட்டில் இருந்ததால் பிழைத்தது. கீழே வைத்திருந்த யூபிஎஸ்ஸும் பேக்கப் வட்டும் போய்விட்டன. "இனி இந்த சர்வரே வேண்டாம், எல்லாம் கிளவுடில் இருக்கட்டும்" என்று முதலாளி சொன்னார். பேக்கப் வட்டுக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கக் கேட்டேன். எப்படியும் மாறத்தானே போகிறோம் என்று தள்ளிப்போட்டார்கள், நானும் வற்புறுத்தவில்லை. அந்தத் தவறு பின்னால் எங்களை எப்படி அடித்தது என்பதைச் சொல்கிறேன்.

2025 மார்ச்சில் ஒர்க் ஆர்டர் கொடுத்தோம். நான்கரை லட்சம், பாதி அட்வான்ஸ். எங்களிடம் இருந்தது ஆக்டிவ் டைரக்டரியும் (ஆட்கள், கம்ப்யூட்டர்களின் பதிவேடு) எஸ்சிசிஎம்மும் (கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட், மென்பொருள் அனுப்பி நிர்வகிப்பது). போன்களுக்குத் தனியாக ஒரு சின்ன சர்வர். இவை அத்தனையையும் இன்ட்யூனுக்கு, அதாவது கம்ப்யூட்டர், போன்களைக் கிளவுடிலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவைக்கு, கொண்டுபோவதாகப் பேச்சு. "ஒரு ஃபைல்கூட அழியாது சார், ஆட்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அந்த வாக்கியம் ஒர்க் ஆர்டரில் இல்லை என்பதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

முதல் ஏமாற்று லைசென்ஸில். எங்கள் மெயிலுக்கு ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் வைத்திருக்கிறோம். அந்தத் திட்டத்திலேயே 300 பேர் வரைக்கும் இன்ட்யூன் அடக்கம். இது தெரிந்திருந்தும் தனியாக இன்ட்யூன் லைசென்ஸை ஒரு வருடத்துக்கு விற்றார்கள். அதை விற்பதற்காகவே மெயில் இருக்கும் டெனன்ட்டை (மைக்ரோசாஃப்ட் கிளவுடில் ஒரு கம்பெனிக்கென்று இருக்கும் தனி இடம்) விட்டுவிட்டுப் புதிதாக ஒரு டெனன்ட் உருவாக்கினார்கள். பாதுகாப்புக்காகத் தனியாக வைக்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். விளைவு, மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்டு, லேப்டாப்புக்கு இன்னொன்று. லேப்டாப்பில் உள்ளே போக டைப் செய்யும் முகவரியில் அவர்கள் கம்பெனியின் சுருக்கப் பெயர் இருந்தது. எங்கள் ஆட்கள் தினமும் அவர்கள் பெயரை அடித்துத்தான் எங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்தது போன்கள். கம்பெனி சொந்தமாக முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனை ஒரு நிர்வாக சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஃபேக்டரி ரீசெட் செய்தாக வேண்டும். இந்த வேலையைத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். எங்களிடம் சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எல்லாரையும் வரவழைத்துப் போனை வாங்கி வரிசையாக அழித்தார்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் லைன் பார்க்கும் தம்பி மூன்று வாரம் கடை கடையாக எடுத்த ரேக் போட்டோக்கள், இன்னும் அனுப்பாத ஆர்டர்கள் எல்லாம் போயின. "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேத்து நைட்டே அனுப்பியிருப்பேனே" என்றான். என்னிடம் பதில் இல்லை.

இன்டர்நெட் லைன் படுத்ததும் உண்டு. முன்பு அப்டேட் ஒருமுறை எங்கள் சர்வருக்கு இறங்கும், அங்கிருந்து உள்ளுக்குள்ளேயே பரவும். இப்போது ஒவ்வொரு லேப்டாப்பும் தனித்தனியாக வெளியிலிருந்து இழுத்தது. பக்கத்து லேப்டாப்பிடமிருந்து எடுத்துக்கொள்ள விண்டோஸிலேயே டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் அதை அணைத்து வைத்திருந்தார்கள். அதை ஆன் செய்தவுடன் சரியாகிவிட்டது.

உண்மையான அடி ஜூலை 18 வெள்ளிக்கிழமை விழுந்தது. ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்ய இரண்டு நாள்தான் பாக்கி. ஒன்பது மணிக்கு அக்கவுன்ட்ஸ் அக்கா போன் செய்தார். "தம்பி, ஸ்க்ரீன் நீலமா வந்து ஏதோ நம்பர் கேக்குது, நான் எதையும் தொடலப்பா." போய்ப் பார்த்தேன். லேப்டாப் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீ, 48 இலக்கம். கீழே அதன் அடையாள எண். நான் அங்கே நிற்கும்போதே பக்கத்து மேஜையிலும் நீலத் திரை. பதினோரு மணிக்குள் 23 லேப்டாப்.

முந்தின நாள் இரவு அவர்கள் பயாஸ் (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டைத் தள்ளியிருக்கிறார்கள். அப்படித் தள்ளும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் லேப்டாப் தன்னை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக் கீயைக் கேட்கும். அதைச் செய்யவில்லை. சரி, கீயைக் கொடுத்தால் திறக்குமே என்று கேட்டால், கீ இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் இடத்திலும் இது நடக்கலாம். பழைய அமைப்பில் ஒவ்வொரு லேப்டாப்பின் ரெகவரி கீயும் ஆக்டிவ் டைரக்டரியில் அந்த லேப்டாப்பின் பதிவுக்கு உள்ளேயே இருக்கும். ஏற்கெனவே பிட்லாக்கர் போட்ட லேப்டாப்பைக் கிளவுடில் சேர்ப்பதால் மட்டும் அந்தக் கீ தானாக மேலே போய்விடாது. ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் ஓட்டி ஏற்ற வேண்டும், ஏறியதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஓட்டவில்லை. அதோடு, வேலை முடிந்தது என்று காட்டுவதற்காக ஜூனில் பழைய கம்ப்யூட்டர் பதிவுகளையெல்லாம் டைரக்டரியிலிருந்து அழித்துவிட்டார்கள். பதிவோடு கீயும் போய்விட்டது. அழித்த பதிவை மீட்க உதவும் டைரக்டரியின் ரீசைக்கிள் பின் எங்கள் சர்வரில் ஒருபோதும் ஆன் செய்யப்பட்டதில்லை. பேக்கப் வட்டுதான் ஃபெஞ்சலில் நனைந்துவிட்டதே.

23-இல் 8 லேப்டாப் கிளவுடிலேயே புதிதாக அமைத்தவை, அவற்றின் கீ இருந்தது. இன்னும் 4 பயாஸைப் பழைய பதிப்புக்கு இறக்கியதும் திறந்தன. மீதி 11-ஐ ஃபார்மட் செய்தோம். அக்காவின் லேப்டாப்பும் அதில் ஒன்று. டேலி வேறு மெஷினில் இருந்ததால் கணக்கு தப்பியது. ஆனால் நான்கு வருடமாக அவர் டெஸ்க்டாப்பில் சேர்த்து வைத்திருந்த பில் சரிபார்ப்பு எக்செல் ஷீட்கள் போய்விட்டன. அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து உட்கார்ந்து பேப்பர் பில்லை வைத்து மறுபடி போட்டார். அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

கிளவுடில் இருந்த அந்த 8 கீயை எடுக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. முழு அதிகாரமுள்ள குளோபல் அட்மின் கணக்கு இரண்டும் அவர்களுடையவை. எனக்குக் கொடுத்திருந்தது பார்க்க மட்டும் முடிகிற கணக்கு. போன் செய்தால், பாக்கிப் பணம் வந்தால் அட்மின் தருகிறோம் என்றார்கள். 23 பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது முதலாளி என்ன செய்வார்? மதியம் மூன்று மணிக்குப் பணம் அனுப்பினார். நாலரைக்கு அட்மின் கிடைத்தது. கிடைத்ததும் எங்களுக்கென்று இரண்டு அவசரக் கணக்குகள் உருவாக்கி, அவர்கள் கணக்குகளை நீக்கினேன்.

ஐபேட்களிலும் இதே கதை. ஆப்பிள் சாதனங்களை நிர்வகிக்க ஒரு புஷ் சான்றிதழ் வேண்டும். ஒரு வருடம்தான் செல்லும், எந்த ஆப்பிள் ஐடியில் எடுத்தோமோ அதே ஐடியில்தான் புதுப்பிக்க வேண்டும். வேறு ஐடியில் புதிதாக எடுத்தால் எல்லா ஐபேடையும் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். எங்கள் சான்றிதழ் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரின் சொந்த ஜிமெயில் முகவரியில் இருந்தது. அவர் அங்கிருந்து விலகிவிட்டார்.

நீங்கள் இந்த வேலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் டெனன்ட்டை உங்கள் கையால், உங்கள் டொமைனில் உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியாளுக்குத் தேவையான அளவு அனுமதியை, முடிவுத் தேதியோடு கொடுக்க மைக்ரோசாஃப்டிலேயே வழி இருக்கிறது. ஆப்பிள் ஐடி உங்கள் கம்பெனியின் பொது மெயிலில் இருக்கட்டும். எந்த போன் அழியும், எது அழியாது என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 48 இலக்கக் கீ ஒவ்வொன்றும் மேலே ஏறியதை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை பழைய டைரக்டரியில் ஒரு பதிவைக்கூட யாரையும் அழிக்க விடாதீர்கள். கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

வக்கீலைப் பார்த்தோம். வணிகத் தேவைக்கு வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கஷ்டம், சிவில் வழக்குத்தான் என்றார். நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் வரவில்லை.

இப்போது எல்லாவற்றையும் எங்கள் சொந்த டெனன்ட்டுக்கு இரண்டாவது முறையாக நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய சான்றிதழ் வருகிற மே மாதத்தோடு முடிகிறது. அதற்குள் 14 ஐபேடையும் விடுவித்துச் சேர்க்க வேண்டும். நேற்று வரை 9 முடிந்தது.