டிக்கெட் தர ஆளில்லை, அபராதம் போட ஆள் உண்டு

சென்னையில் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலில் எப்போதாவது ஏறுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தினமும் போகிறவர்களிடம் சீசன் டிக்கெட் இருக்கும். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிலையத்தின் பெயர் வேண்டாம். மாலை ஏழு மணி, அலுவலகக் கூட்டம் திரும்பும் நேரம். கவுன்ட்டரில் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது; உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தானியங்கி டிக்கெட் இயந்திரத்தின் திரை கறுத்துக் கிடந்தது. செல்பேசியில் ஸ்கேன் செய்வதற்கான கியூஆர் தாளில் பாதி கிழிந்திருக்க, மீதியின் மேல் யாரோ வாடகை வீட்டு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். சரி, ரயில்வேயின் டிக்கெட் செயலியில் நேரடியாக எடுக்கலாம் என்றால், நிலைய வளாகத்துக்குள் இருப்பதால் டிக்கெட் தர முடியாது என்றது அது.

பரிசோதகரைக் கண்ட பிறகு அவசரமாக டிக்கெட் எடுப்பவர்களைத் தடுக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கே கவுன்ட்டர் இருக்கும் தளம் தண்டவாளத்துக்கு நேர் கீழே அல்லவா இருக்கிறது! செல்பேசிக்கு மாடிக் கணக்கு தெரியாது. கவுன்ட்டர் முன்னால் வரிசையில் நிற்பவரையும் தண்டவாளத்தின் மேல் நிற்பவராகவே அது எடுத்துக்கொள்கிறது.

நடைமேடையில் நின்ற ஊழியரிடம் கேட்டேன். "ஏறிக்கொள்ளுங்கள் சார், இறங்குமிடத்தில் வாங்கிக்கொள்ளலாம்" என்றார். இறங்கிய இடத்தில் வாங்கியது அபராத ரசீதுதான். 5 ரூபாய்ப் பயணத்துக்கு 255 ரூபாய். நடந்ததைச் சொன்னேன். "யார் சொன்னார்? எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்டார் பரிசோதகர். மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுதிக் கொடுத்தாரா என்ற அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 55ஆவது பிரிவு: அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியர் அனுமதித்தால், பிறகு கட்டணம் செலுத்தும் நிபந்தனையோடு டிக்கெட் இல்லாமலே ஏறலாம். அந்த அனுமதிக்கு அவர் சான்று தர வேண்டும். சான்று கையில் இருந்தால் கூடுதல் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 138ஆவது பிரிவு சொல்கிறது. அது இல்லையென்றால் குறைந்தது 250 ரூபாய். வாய்வார்த்தையாக "ஏறிக்கொள்ளுங்கள்" என்பவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் பணம் போவது நம் பையிலிருந்துதான். நிலைய அலுவலகத்துக்குப் போய்ச் சான்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அதைவிட எளிய வழி, படியேறுவதற்கு முன்பே, சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று செயலியில் டிக்கெட் எடுத்துவிடுவது. கவுன்ட்டர் மூடியிருந்தால் நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். 139 என்ற எண்ணிலும் 'ரயில் மதத்' தளத்திலும் புகார் செய்யலாம். நான் செய்தேன். "சம்பந்தப்பட்ட பிரிவுக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று பதில் வந்தது, அத்தோடு புகாரை முடித்தும்விட்டார்கள்.

இன்னொன்று: முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அந்த நிலையத்துக்கு அழைத்து வராதீர்கள். நகரும் படிக்கட்டு நகர்வதில்லை, லிஃப்ட்டுக்குப் பூட்டு. கடைகள் வரும் என்று கட்டிய தளங்கள் காலியாக இருண்டு கிடக்கின்றன. மூத்திர நாற்றத்தைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். 1995இல் ஓடத் தொடங்கிய தடம், 2007இல் வேளச்சேரியைத் தொட்டது. மெட்ரோவோடு சேர்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. நாளை வேறொருவர் கைக்குப் போகும் கட்டடத்துக்கு இன்று எதற்குப் பல்பு மாற்ற வேண்டும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக வருகிற பெண்கள் பின்பக்கப் படிக்கட்டைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே விளக்கும் இல்லை, காவலரும் இல்லை.