வாவிக் காட்சிக்குக் காசு கொடுக்க முதல்: மட்டக்களப்பில் ‘லக்சரி’ வீடு வாங்குவோர் கவனத்துக்கு

கல்லடிப் பக்கம் வாவியோரமாக ஒரு வீடு. 14 பேர்ச் காணி, இரண்டு மாடி, நாலு அறைக்கும் ஏசி, முகம் தெரியும் டைல்ஸ். மேல் பல்கனியில் நின்றால் வாவியும் பாலமும் தெரியும். ‘தெளிவான உறுதிப் பத்திரம், உடனே குடிபுகலாம்’ என்று விளம்பரம். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வந்த குடும்பம் ஒன்று பார்த்தது, பிடித்துப்போனது, திரும்பிப் போக முதல் 40 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தது. இன்றைக்கு வீடும் இல்லை, காசும் திரும்பி வரவில்லை. விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே வேலையை அதே மாதிரிச் செய்ய இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் பிரயோசனம்.

முதல் ஓட்டை, காசு கைமாறிய தாள். புரோக்கர் எழுதிக் கொண்டுவந்த ஒப்பந்தம், முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்து. பார்வைக்குக் கனமாக இருக்கும். ஆனால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையும் சரி, விற்கிறேன் என்ற உடன்படிக்கையும் சரி, நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ‘சொன்னபடி வீட்டை எழுதித் தா’ என்று வழக்குப் போட ஏலாது. கொடுத்த காசைக் கேட்டுத்தான் போகலாம். அது எத்தனை வருட வேலை என்பது நீதிமன்ற வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். அட்வான்ஸ் கொடுப்பதென்றால் நொத்தாரிசு எழுதிய விற்பனை உடன்படிக்கைக்கு மட்டும் கொடுங்கள். எழுதிய கையோடு அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதியிருந்தால், முதலில் நேர்மையாகப் பதிந்தவரின் கைதான் ஓங்கும். நொத்தாரிசும் உங்கள் ஆளாக இருக்கவேண்டும். ‘நம்மட ஆள்தான், ரெண்டு பக்கத்துக்கும் ஒராளே போதும்’ என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

இரண்டாவது, நம்முடைய ஊருக்கே உரிய சிக்கல். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு வளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். உறுதியும் நன்கொடை உறுதியாகவே இருக்கும், அதில் தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை, வைத்திருப்பார்கள். மேலே சொன்ன வீடும் அப்படித்தான். விலை பேசியதும் காசை வாங்கியதும் மருமகன். உறுதி மகளின் பெயரில். சீவிய உரித்து உயிரோடு இருக்கும் தாய்க்கு. ‘நான் கண்மூடும் மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன்’ என்று அந்த மனுசி சொன்னதோடு எல்லாம் முடிந்தது. இதில் மனுசியில் பிழையே இல்லை. கடைசி உறுதியை மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல், பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவைத் தேடிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சீவிய உரித்து, வங்கி ஈடு, பிரிக்கப்படாத பங்கு, நீதிமன்றத் தடை எல்லாம் அங்கேதான் வெளிக்கும். அற்றோணித் தத்துவத்தை (சொந்தக்காரர் தன் சார்பில் விற்கச் சொல்லி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தை) வைத்து விற்பவர் வந்தால், கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா, அதை இரத்துச் செய்துவிட்டாரா என்று கொடுத்தவரிடமே கேளுங்கள். உறுதி என்று நீட்டுவது உண்மையில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட அனுமதிப் பத்திரமாக இருந்தால் அது அரச காணி. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாறாது.

மூன்றாவது ஓட்டை வாங்க வந்தவர்கள் பக்கம். குடும்பத்தில் எல்லோரும் பிரித்தானியப் பிரஜைகள், இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி உறுதி எழுத முடியாது. விதிவிலக்குகளில் ஒன்று தொடர்மாடி அலகு, அதுவும் முழுப் பெறுமதியும் உறுதி எழுத முதல் வெளிநாட்டு நாணயமாக வந்திருந்தால். புரோக்கர் சொன்ன வழி, ‘தம்பிட பேரில எழுதுவம், பிறகு மாத்தலாம்’. தம்பி நல்லவராகவே இருக்கட்டும், அவருக்குப் பிள்ளைகளும் கடன்காரரும் இருப்பார்கள். வங்கியை விட்டு உண்டியல்காரர் மூலம் காசு அனுப்பினால் இன்னொரு வில்லங்கம்: நாளைக்கு விற்றுக் காசை வெளியே கொண்டுபோக, அது முறையாக உள்ளே வந்ததற்கு ஆதாரம் இருக்காது. வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியாகக் கொண்டுவாருங்கள்.

‘உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவம், முத்திரைத் தீர்வை மிச்சம்’ என்பதும் வழமையான கதை. முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3%, மிகுதிக்கு 4%. இரண்டு கோடி வீட்டுக்கு 799,000 ரூபா வரும். அதில் பாதியை மிச்சம் பிடித்துவிட்டு, நாளைக்கு விற்பனை முறிந்தால் நீங்கள் கொடுத்த இரண்டு கோடியில் ஒரு கோடிக்கு எழுத்தே இருக்காது.

மாநகர சபைப் பத்திரங்களில் இரண்டு வேண்டும்: அங்கீகரித்த கட்டிட வரைபடம், கட்டி முடித்தபின் கொடுக்கும் இணக்கச் சான்றிதழ். அந்த வீட்டுக்கு இணக்கச் சான்றிதழ் இருந்தது, ஆனால் கீழ்மாடிக்கு மட்டும். வாவி தெரியும் என்று விலை ஏற்றிய மேல்மாடி வரைபடத்திலேயே இல்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் பாருங்கள். கடலின் உயர்நீர்க் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுத்த வாவி என்றால் முகத்துவாரத்தில் இருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரைக்கும் போகும். அந்த எல்லைக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். நாவலடி, டச்பார், கல்லடிக் கரையில் வீடு பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இனிக் கட்டிடம். வெளிநாட்டு ஆக்கள் வருவது ஆடி, ஆவணியில். மண் காய்ந்து, சுவர் காய்ந்து, வாவி வற்றிக் கிடக்கும் காலம். விற்பவருக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டிவிடுகிற அளவுக்கு வாவி ஏறும்போது அதே வளவைப் பார்க்கவேண்டும். அப்போது வர முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கிழவர்களிடம் 2011 தை வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள், படியைக் காட்டிச் சொல்வார்கள். வீட்டுத் தளம் றோட்டின் நடு உயரத்தைவிடத் தாழ்வாக இருந்தால் மேலே என்ன டைல்ஸ் போட்டும் பிரயோசனமில்லை.

கரையோரக் கொங்கிரீட்டைக் கொல்வது உப்பு. மணலில் உப்பு, குழைத்த கிணற்றுத் தண்ணீரில் உப்பு, காற்றிலும் உப்பு. கம்பிக்கு மேல் 40, 50 மில்லிமீற்றர் கொங்கிரீட் மூடியிருக்கவேண்டிய இடத்தில் அவசரக் கட்டிடத்தில் 15, 20தான் இருக்கும். உப்பு கம்பியைத் தொட்டதும் துருப் பிடிக்கும். துரு பருமனில் பெருக்கும், கொங்கிரீட்டை உள்ளிருந்து வெடிக்கவைக்கும். பீமின் அடியில் கம்பி போகும் திசையிலேயே நேராக ஒரு வெடிப்பு, பக்கத்தில் பழுப்புக் கறை கண்டால் அது பூச்சு வெடிப்பு இல்லை. இதை மறைக்கத்தான் அழகான ஜிப்சம் சீலிங். அந்த வீட்டில் சீலிங் லைற் ஒன்றைக் கழற்றி, ஓட்டையால் போனை மேலே நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தால், ஸ்லாப்பின் அடிப்பக்கம் அரை உள்ளங்கை அளவில் உரிந்து, கம்பி செங்கட்டி நிறத்தில் துருத்திக்கொண்டு நின்றது. ஒரு லைற்றைக் கழற்றும் நேரம்தான். அட்வான்ஸ் கொடுக்க முதல் யாரும் கழற்றவில்லை.

சுவரின் அடியில் ஒன்றிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்தால், அத்திவாரத்தில் ஈரத்தடுப்புப் படை போடவில்லை அல்லது அறுந்துவிட்டது என்று அர்த்தம். விற்பவர்கள் புட்டி பூசிப் பெயின்ற் அடிப்பார்கள், ஆறு மாதம் தாங்கும். அல்லது நாலடி உயரத்துக்குக் கல் டைல்ஸ், பிவிசி பலகை ஒட்டுவார்கள். ஒரு அறையில் மட்டும் அப்படி அலங்காரம் இருந்தால் கேள்வி கேளுங்கள். விரலை மடக்கித் தட்டினால் கொள் கொள் என்று வெறுமையாகச் சத்தம் வரும்.

மேல்மாடிப் பாத்ரூமில் வடிகால் துவாரத்தைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். 24 மணித்தியாலம் கழித்துக் கீழ் அறைச் சீலிங்கைப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனைக்காரரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பல்கனிக் கைபிடி ‘ஸ்டெயின்லெஸ், துருவே பிடிக்காது’ என்பார்கள். 304 ரகம் கடற்காற்றில் தேத்தண்ணிக் கறைபோலப் பழுப்பாகும், 316 தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, பில்லைக் கேளுங்கள். பான்ட்ரி கபேட் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை என்றால் சிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவுங்கள், ஊதிப்போயிருந்தால் விரலுக்குத் தெரியும். ‘தேக்குக் கதவு’ என்றால் கதவின் மேல் விளிம்பைக் கதிரையில் ஏறிப் பாருங்கள், அங்கே யாரும் சாயம் அடிப்பதில்லை.

நாலு ஏசி என்று பெருமையாகச் சொன்ன அந்த வீட்டுக்கு மின் இணைப்பு ஒற்றைக் கட்டம் (சிங்கிள் பேஸ்), 30 அம்பியர். 230 வோல்ற்றில் அது ஏறக்குறைய 6,900 வாற். 12,000 பிடியூ ஏசி ஒன்று 1,100 வாற் அளவில் இழுக்கும், நாலுக்கு 4,400. கீசர் ஒன்று 3,000. இவ்வளவுக்கே கணக்குத் தாண்டிவிட்டது, இனித் தண்ணி மோட்டரும் மின்சார ஓவனும் இருக்கின்றன. மூன்று கட்ட (த்ரீ பேஸ்) இணைப்பு இல்லாவிட்டால் அதை எடுக்கும் செலவை விலையில் கழியுங்கள்.

தண்ணீரை மட்டும் மாரியில் பார்க்கவேண்டாம். கிணற்று உப்பு கூடுவது கோடையில், ஆகவே ஆவணியில் டிடிஎஸ் மீற்றர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 1,000ஐத் தாண்டினால் வாய்க்கும் பிடிக்காது, கீசர், மிக்சர் குழாய் எல்லாம் விரைவில் கெடும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர்க் குழாய் இணைப்பு அந்த வளவுக்குள்ளேயே வந்திருக்கிறதா, றோட்டு வரைதானா என்று பில்லைப் பார்த்து உறுதி செய்யுங்கள். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி 14 பேர்ச்சில் கிடைப்பதே கஷ்டம், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளக்கவேண்டும். நிலத்தடி நீர் ஏறும் மார்கழியில் உறிஞ்சு குழி நிரம்பினால் கொமட் இறங்காது.

தொடர்மாடி என்றால் சுருக்கமாக ஒன்று: கூட்டு ஆதன வரைபடம் (ஒவ்வொரு அலகையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடம்) பதியப்படாத வரைக்கும் உங்கள் அலகுக்குத் தனி உறுதி எழுத முடியாது. கட்டியவர் முழுக் காணியையும் வங்கிக்கு ஈடு வைத்திருந்தால், உங்கள் அலகுக்கு ஈடு விடுவிப்புக் கடிதம் இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். விளம்பரத்தில் சொல்லும் சதுர அடியில் பல்கனி, போர்ட்டிகோ, படிக்கட்டு எல்லாம் சேர்ந்திருக்கும். சுவருக்குச் சுவர் நீங்களே நாடா பிடித்து அளந்து, அந்த அளவால் விலையைப் பிரித்துப் பாருங்கள்.

விலை பேசும்போதே 10% தொகையைப் பிடித்துவைக்கும் நிபந்தனையை உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள்: முழுக் கட்டிடத்துக்கும் இணக்கச் சான்றிதழ், சோலைவரி நிலுவை இல்லை என்ற கடிதம், மின்சார நீர் இணைப்புகளின் பெயர் மாற்றம், எழுதிக்கொடுத்த குறைகள் திருத்தியது, இத்தனையும் முடிந்த பிறகே அந்தக் காசு. மட்டக்களப்பு நொத்தாரிசுகளுக்கு இது புதிதில்லை, கேட்டால் எழுதுவார்கள். கேட்காவிட்டால் எழுதமாட்டார்கள்.